கல்மரம்: டெல்டாவில் அடிக்கடி நேரும் தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் போர் போடும்போது வண்டலுக்கு அடியிலிருந்து கறுத்த மரத்துண்டு வந்தால், உடனே கல்மரம், அதாவது கல்லாகிப்போன மரம், என்று பேச்சு கிளம்பிவிடும். முதல் தவறு அதுதான். டெல்டாவின் மேல்மட்ட வண்டலுக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகளே. காற்றுப் புகாத ஈரக் களிமண்ணில் மரம் மக்காமல் கிடந்து கறுக்கும்; நகத்தால் கீறினாலே நார் பெயரும். அதை வெயிலில் உலர்த்தவே கூடாது. மரத்தின் செல்களைத் தாங்கிக்கொண்டிருப்பது உள்ளே ஊறிய தண்ணீர்தான். வற்றினால் துண்டு சுருங்கி வெடித்துவிடும். ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

நாள்பட்டால் எந்த மரமும் கல்லாகும் என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்று முடிப்பதற்குள் மரம் மணலிலோ எரிமலைச் சாம்பலிலோ புதைய வேண்டும். சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமப் பொருள்) கரைந்த நிலத்தடி நீர் அதற்குள் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் கரைந்து வரும் சிலிக்காவான சிலிசிக் அமிலம், மரத்தின் நார்ப்பொருள்களான செல்லுலோஸிலும் லிக்னினிலும் ஒட்டி, செல் சுவரில் படலமாகப் படியும். அடுத்து செல்லின் உட்குழி நிரம்பும். மரப்பொருள் சிதையச் சிதைய அந்த இடத்தையும் சிலிக்கா பிடித்துக்கொள்ளும். அந்தச் சிலிக்கா முதலில் ஓபல் என்ற கல்லாக, போகப்போக அதைவிடக் கடினமான குவார்ட்ஸாக மாறும். இப்படி செல் செல்லாக நடப்பதால்தான் வளர்ச்சி வளையம்கூட அழியாமல் நிற்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பது நீரில் உள்ள சிலிக்கா: ஜப்பானில் ஒரு வெந்நீர் ஊற்றில் போட்டுவைத்த மரத்துண்டுகளில் 7 ஆண்டுகளிலேயே எடையில் சுமார் 40 விழுக்காடு சிலிக்கா ஏறிவிட்டது. முழுக்க குவார்ட்ஸாக இறுகுவதற்குத்தான் நீண்ட காலம் பிடிக்கும்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கல்மரத்தின் சிவப்பும் மஞ்சளும் இரும்பால் வருபவை. வல்லம் மேட்டுச் செம்புறாங்கல்லுக்கும் அதே இரும்புதான் நிறம் தருகிறது. வேர் போலக் கிளைத்திருக்கும் சுக்கான்கல் இன்னும் ஏமாற்றும். அது வேரைச் சுற்றிப் படிந்த சுண்ணாம்பு. ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும், கத்தி முனையில் கீறல் விழும். சிலிக்கா கல்மரம் நுரைக்காது. அதன் கடினம் மோஸ் அளவில் (கனிமங்களின் கடினத்தைக் காட்டும் 1 முதல் 10 வரையான அளவு) 7, கத்தி அதைக் கீறாது. இரண்டும் சரியாக இருந்தாலும் போதாது, சாதாரணக் குவார்ட்ஸும் இந்தச் சோதனையில் தேறிவிடும். துண்டை நனைத்து, குறுக்குவெட்டு முகத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். மையத்திலிருந்து கதிர்களும், வரிசை வரிசையாக நுண்துளைகளும் தெரிந்தால்தான் மரம்.

வயதிலும் குழப்பம் உண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கிடப்பவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானவை; பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள 18 மீட்டர் மரம் கடல் அங்கே பரவியிருந்த கிரெட்டேசியஸ் காலத்தது (டைனோசர்கள் வாழ்ந்த காலம்), 10 கோடி ஆண்டுக்கும் மேல். இவற்றுக்கு வயது கணிக்கும் கார்பன்-14 சோதனை கேட்பது வீண்; அது சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் எட்டாது. திருவக்கரை மரங்கள் அங்கேயே வளர்ந்தவை என்றும் சொல்கிறார்கள். கிளையும் வேரும் இல்லாமல் படுத்துக் கிடப்பதைப் பார்த்தாலே வெள்ளம் உருட்டி வந்தது விளங்கும்.

வயலில் உண்மையான கல்மரம் தென்பட்டால் உடைத்துப் பார்க்காதீர்கள், வார்னிஷும் பூசாதீர்கள். எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு இந்த மூன்றையும் யாராலும் மீட்க முடியாது.