வாசிப்புக் குழுவுக்கு அடுத்த புத்தகம்: சண்டையில்லாமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

"அடுத்து என்ன படிக்கலாம்?" என்று குழுவில் ஒருவர் கேட்டால் போதும், ஆளுக்கு நாலு தலைப்பைக் கொட்டுவார்கள், பாதிக்கு யாரும் பதில்கூடப் போட மாட்டார்கள், கடைசியில் யார் விடாமல் பேசுகிறாரோ அவர் சொன்ன புத்தகமே முடிவாகிவிடும். கூடும் நாளில் பார்த்தால் முழுசாகப் படித்து வந்தவர்கள் இரண்டே பேர். புத்தகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, தேர்ந்தெடுத்த முறையில்தான் கோளாறு. புதிதாகக் குழு ஆரம்பிப்பவர்கள் முதல் தேர்விலிருந்தே பின்பற்றக்கூடிய ஒரு முறையை இங்கே எழுதுகிறேன். ஆறு முதல் பன்னிரண்டு பேர் வரை உள்ள குழுவுக்கு இது பொருந்தும். மூன்று நான்கு பேர்தான் என்றால் வாக்கெடுப்பெல்லாம் எதற்கு, பேசியே முடித்துவிடலாம்.

படி 1: முதலில் நாள் கணக்கு

தலைப்புகளைக் கேட்பதற்கு முன்னால் அடுத்த கூட்டத்தின் தேதியை முடிவு செய்யுங்கள். நான்கு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 28 நாளும் யாரும் படிக்கப் போவதில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 20 நாள் தேறும். 400 பக்க நாவல் என்றால் நாளுக்கு 20 பக்கம், பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று பார்த்தால் தினம் 40 நிமிடம். வேலையும் வீடுமாக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். 250 பக்கம் என்றால் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை கூடும் புதிய குழுவுக்கு 250, மிஞ்சிப்போனால் 300 பக்கம் என்று ஒரு வரம்பு வைப்பது நல்லது. பெரிய நாவல்தான் வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டால் இரண்டு கூட்டமாகப் பிரித்து, முதல் கூட்டத்துக்கு எந்த அத்தியாயம் வரை என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

கவிதைத் தொகுப்பில் பக்க எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். 80 பக்கம்தானே என்று எடுப்போம், ஆனால் எண்பது பக்கக் கவிதையை ஒரே கூட்டத்தில் பேசி முடிக்க முடியாது. பத்துக் கவிதைகளைக் குறித்துக் கொடுத்தால் போதும்.

படி 2: ஆளுக்கு ஒன்று, காரணத்தோடு

ஒருவருக்கு ஒரு பரிந்துரைதான். இதில் மட்டும் கறாராக இருங்கள். பட்டியல் நீளமானால் யாரும் எதையும் நின்று பார்ப்பதில்லை. பரிந்துரைப்பவர் மூன்று விஷயங்களை எழுத வேண்டும்: எத்தனை பக்கம், எந்தெந்த வடிவில் கிடைக்கிறது, இந்தப் புத்தகத்தில் நாம் எதைப் பற்றி வாதம் செய்யலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். "அருமையான புத்தகம், எல்லோரும் படிக்கணும்" என்பதை நான் காரணமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். எல்லோருக்கும் பிடித்துப்போகிற புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிடத்துக்கு மேல் பேச முடியாது. "ஆமாம், நல்லா இருந்தது" என்று சுற்றிச் சுற்றி வந்து நிற்கும். "கடைசியில் மகள் எடுத்த முடிவு நியாயமா?", "கதை சொல்கிறவனை எந்த அளவுக்கு நம்பலாம்?" என்று ஒரு கேள்வியை முன்வைக்க முடிகிற புத்தகம்தான் இரண்டு மணி நேரம் தாங்கும். கட்டுரை நூலுக்கும் இதே அளவுகோல்தான். ஆசிரியர் சொல்வதை மறுக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள், வெறும் தகவல் தொகுப்பாக இருந்தால் தனியாகப் படித்துக்கொள்ளலாம்.

கேள்வியிலேயே முடிவைப் போட்டு உடைத்துவிடாமல் எழுதுவது ஒரு கலை, போகப்போக வந்துவிடும்.

படி 3: எல்லோர் கைக்கும் வருமா?

இதை வாக்கெடுப்புக்குப் பிறகு பார்க்கலாம் என்று விடுகிறார்கள், அதுதான் தொல்லை. அச்சில் இல்லாத புத்தகம் ஜெயித்துவிட்டால் முழு வேலையும் வீண். அச்சுப்பிரதி, மின்னூல், நூலகம் என்று குறைந்தது இரண்டு வழிகளிலாவது கிடைப்பதை மட்டும் பட்டியலில் விடுங்கள். கண் பார்வை சிரமம் உள்ளவர்கள் குழுவில் இருந்தால் ஒலிநூலோ, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் மின்னூலோ கட்டாயம் இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் இன்னும் ஒரு வேலை உண்டு. ஒரே நாவலுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகள் இருக்கலாம், அதில் ஒன்று சுருக்கப்பட்டதாகவும் இருக்கலாம். பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் மற்றொன்றையும் படித்துவிட்டு வந்தால், "அப்படி ஒரு காட்சியே வரலையே" என்பதிலேயே நேரம் போய்விடும். மொழிபெயர்ப்பாளர் பெயரையும் பதிப்பையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண், இதற்கு உதவும். 2007 முதல் அது 13 இலக்கம், பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

படி 4: வாக்கெடுப்பு

ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற முறையை விட்டுவிடுங்கள். ஏன் என்று ஒரு கணக்கோடு பார்க்கலாம். ஒன்பது பேர், மூன்று புத்தகங்கள். முதல் புத்தகத்துக்கு 4 ஓட்டு, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 2. முதல் புத்தகம் ஜெயித்துவிட்டது, ஆனால் மீதி ஐந்து பேருக்கும் அதில் துளிகூட விருப்பமில்லை என்றால் என்ன ஆகும்? படிக்காமல் வருவார்கள், இல்லையென்றால் வரவே மாட்டார்கள்.

இப்போது அதே ஒன்பது பேரிடம் "நீங்கள் படிக்கத் தயாராக இருக்கும் எல்லாப் புத்தகங்களுக்கும் டிக் போடுங்கள்" என்று கேளுங்கள். முதல் புத்தகத்தைக் கேட்ட நால்வரில் இரண்டு பேர் இரண்டாவதுக்கும் டிக் போடுகிறார்கள், மூன்றாவதைக் கேட்ட இருவரும் போடுகிறார்கள், இரண்டாவதைக் கேட்ட மூவரும் மூன்றாவதுக்கும் போடுகிறார்கள். முதல் புத்தகம் 4, இரண்டாவது 7, மூன்றாவது 5. இரண்டாவது புத்தகம் வருகிறது, ஏழு பேர் மனசோடு படிப்பார்கள். இதற்கு ஒப்புதல் வாக்கு என்று பெயர், 1978இல் ஸ்டீவன் பிராம்ஸ், பீட்டர் ஃபிஷ்பர்ன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் பல விடைகளைத் தேர்ந்தெடுக்க அனுமதித்தாலே போதும், தனியாக எதுவும் தேவையில்லை. ஒரே குறை, யார் எதற்குப் போட்டார் என்பது அங்கே வெளியே தெரியும். அது சங்கடம் என்றால் ஒருவரிடம் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

வரிசைப்படுத்தி மதிப்பெண் கொடுக்கும் முறையும் உண்டு, 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் கணித அறிஞர் போர்டா முன்வைத்தது. நல்ல முறைதான், ஆனால் பிடிக்காத போட்டிப் புத்தகத்தை வேண்டுமென்றே கடைசியில் தள்ளும் ஆசை வரும், கணக்குப் போடவும் ஒருவர் தேவை. தொடக்கத்தில் வேண்டாம்.

எந்த முறை என்றாலும் சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதை ஓட்டுப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பக்கம் குறைவானது ஜெயிக்கும் என்பது என் கட்சி. வாதம் செய்தே தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முடிவே வராமல்கூடப் போகலாம்: முதல் புத்தகத்தைவிட இரண்டாவதையும், இரண்டாவதைவிட மூன்றாவதையும், மூன்றாவதைவிட முதலாவதையும் பெரும்பான்மை விரும்பும் சுழற்சி வரக்கூடும் என்று பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785லேயே காட்டிவிட்டார்!

ஒருவருக்கு ஒரு கருப்பொருள் தாங்க முடியாததாக இருக்கலாம், குழந்தை இழப்பு, வன்முறை, இப்படி. காரணம் கேட்காமல் அந்தப் புத்தகத்தை எடுத்துவிடுங்கள். "எனக்கு அந்த எழுத்தாளர் பிடிக்காது" என்பது மட்டும் இதில் சேராது.

படி 5: அறிவிப்பு

ஜெயித்த புத்தகத்தின் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பு, கூட்டத் தேதி எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதி குழுவின் மேலே நிலையாக நிற்கும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள். புத்தகத்தின் முடிவைப் பற்றியும் பேசப் போகிறோம், முடிக்காமல் வருபவர்கள் அதற்குத் தயாராக வரவும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அன்றைக்கு யாரும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்காது. இரண்டாம் இடம் வந்த புத்தகம் தானாக அடுத்த பட்டியலுக்குப் போகட்டும், ஆனால் ஒரே ஒரு முறை. அதிலும் தோற்றால், மறுபடி யாராவது புதிதாகக் காரணம் எழுதிப் பரிந்துரைத்தால்தான் உள்ளே.