பிள்ளைக்கு இனிப்புநீரா? தாத்தாவின் வைத்தியத்தைத் தள்ளி வையுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இனிப்புநீர் (நீரிழிவு) பற்றி ஏதும் தெரியாதவரைப் பார்ப்பது அரிது. தாத்தாவுக்கு மாத்திரை, பாட்டிக்குக் காலில் புண், மாமாவுக்கு மாதாமாதம் கிளினிக். நாலு வயதுப் பிள்ளைக்கு முதல் வகை இனிப்புநீர் என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் ஊசி கொடுத்து அனுப்பினால், மறுநாளே லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுக்க யோசனை சொல்ல வந்துவிடும். பெற்றோர் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் கிளைக்கின்றன என்பேன்.

பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சுரக்கும், ஆனால் போதாது, சரியாக வேலை செய்யாது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, மாத்திரை என்று பல வருடம் ஓட்டலாம். பிள்ளைக்கு வந்தது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வந்ததல்ல, வயிற்றில் இருந்தபோது அம்மா மாம்பழம் தின்றதாலும் அல்ல. (மாமியார் பக்கத்தில் இருந்தால் இந்த வரியைச் சத்தமாகப் படிக்கவும்.) 1922-இல் டொரோண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதுவரை இந்த நோய் கண்ட பிள்ளைகளைக் காப்பாற்ற வழியில்லை. பாகற்காய்ச் சாறும் ஆவாரம்பூவும் அப்போதும் இருந்தன.

ஆகவே ஊசியை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. இதற்கு ஆசை காட்டும் கட்டம் ஒன்று உண்டு. ஊசி தொடங்கிய சில வாரங்களில், மிஞ்சியிருக்கும் செல்கள் கொஞ்சம் தேறி வேலை செய்யும். இரத்தச் சர்க்கரை ரீடிங் இறங்கும், டாக்டரும் அளவைக் குறைப்பார். அந்த நேரம் பார்த்து யாராவது கஷாயம் கொடுத்திருந்தால் பெயர் கஷாயத்துக்குப் போய்விடும். சில மாதங்களில் அந்தச் செல்களும் ஓய்ந்துவிடும். கஷாயத்தை நம்பி ஊசியை விட்ட வீட்டில் பிள்ளையின் உயிர் ஊசலாடும்.

இரண்டாவது ஆபத்து, காய்ச்சலும் வாந்தியும் வரும் நாள். “ஒன்றுமே சாப்பிடலையே, ஊசி எதற்கு?” என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் காய்ச்சல் சர்க்கரையை ஏற்றும். இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேரும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஆழமாக இழுத்து வாங்கும் மூச்சு, வாயில் பழவாடை, அசதி எல்லாம் இதன் அறிகுறிகள். தைலம் தேய்த்து, பயந்திருப்பான் என்று மந்திரித்துப் பார்ப்பதில் போகிற நேரம்தான் பிள்ளையைக் கொல்வது. கயிறு கட்டுவதானால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கட்டுங்கள். காய்ச்சல் நாளில் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டரிடம் போனில் கேளுங்கள். முழுதாக மட்டும் விடாதீர்கள்.

சர்க்கரை இறங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. ரீடிங் 4 mmol/L-க்குக் கீழே போனால் பிள்ளை வியர்க்கும், நடுங்கும், காரணமில்லாமல் அடம்பிடிக்கும். சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது; அடம் என்று நினைத்து அடி வைத்துவிடுவோம். உடனே விரலைக் குத்திப் பாருங்கள். பலரும் மைலோ கலக்கவோ சாக்லேட் பிரிக்கவோ ஓடுகிறார்கள். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் மாவோ சீனியோ தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதே வேகமானது. 15 கிலோ பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பயத்தில் அரை டம்ளர் சீனியைக் கொட்டினால் ரீடிங் 20-ஐத் தாண்டி நிற்கும். மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 999-ஐ அழையுங்கள். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசியை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தால் போடுங்கள். சாயங்காலம் திடலில் நன்றாக ஓடியாடிய நாளில் இரவு தூக்கத்தில் இறங்கலாம். அன்று நடுஇரவில் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

வெயில் இன்னொரு பிரச்சினை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் எப்படிக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில், குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள். ஐஸ் பகுதியை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் உருக்கினாலும் உதவாது. உபயோகத்தில் உள்ளது 30 டிகிரிக்கு உட்பட்ட இடத்தில் சுமார் நாலு வாரம் தாங்கும். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் தாங்காது. இன்சுலினை ஈர மண்பானைக்குள் வைத்துக் குளிராக்கும் யோசனை வறண்ட ஊர்களில் நன்றாக எடுபடும், நம் ஈரக்காற்றில் அவ்வளவு குளிராது.

சில சின்ன விஷயங்கள். ரம்புத்தான் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் ரீடிங் பொய்யாக ஏறிக் காட்டும். ஒரே இடத்தில் ஊசி போட்டுக்கொண்டே வந்தால் தோல் கட்டியாகி மருந்து ஒழுங்காக இறங்காது. தொடை, வயிறு என்று இடம் மாற்றுங்கள். குத்திய ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடுங்கள், லயத்துக்குப் பின்னால் வீசாதீர்கள்.

சோற்றை நிறுத்திப் பட்டினி போடுவதும் தாத்தா வைத்தியம்தான். வளரும் பிள்ளைக்கு மாவுச்சத்து வேண்டும். சாப்பாட்டுக்கு ஏற்ற ஊசி அளவை மருத்துவக் குழு கற்றுக்கொடுக்கும். ஊசி போட்ட பிறகு பாதித் தட்டோடு எழுந்து ஓடுவது தினமும் நடந்தால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசி போடும் நேரத்தை அதற்கேற்ப மாற்ற முடியும்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் கோபம் வருவது: “பொம்பளைப் பிள்ளை, வெளியே சொல்லாதீங்க, நாளைக்கு யார் கட்டுவாங்க?” அம்மா செம்பனைத் தோட்டத்துக்கும் அப்பா தொழிற்சாலைக்கும் போன பிறகு, பிள்ளை பக்கத்து வீட்டு அக்காவிடமும் பாலர் பள்ளியிலும்தான் இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாவிட்டால் சீனித் தண்ணீர் யார் கொடுப்பது? அறிகுறிகள், கொடுக்க வேண்டிய அளவு, அப்பா அம்மா போன் நம்பர், இவற்றை ஒரு தாளில் தமிழிலும் மலாயிலும் எழுதி, குளுக்கோஸ் பொட்டலத்தோடு பள்ளிப் பையிலும் அக்கா வீட்டு அலமாரியிலும் வைத்துவிடுங்கள்.