ஆயில் கூலர் எங்கே உடைகிறது? நீரழுத்தச் சோதனை செய்யும் முறை

எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் எத்தனை பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் வெடிக்கிறது என்பதைவிட, எந்த இடத்தில், எந்த அழுத்தத்தில் அது முதலில் உருக்குலையத் தொடங்குகிறது என்பதே நமக்குத் தெரிய வேண்டியது. சூடேறிய எஞ்சினில் ஆயில் அழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 5 பார் வரை இருக்கும்; குளிர்ந்த காலையில் கெட்டியான ஆயிலோடு எஞ்சினை முடுக்கினால் அது சட்டென்று அதைத் தாண்டி ஏறும். கூலர் தாங்க வேண்டியது அந்த உச்சத்தைத்தான்.

இச்சோதனைக்குக் காற்றை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அழுத்திய காற்று ஆற்றலைத் தேக்கி வைப்பதால், கூலர் பிளக்கும் கணத்தில் அலுமினியத் துண்டுகள் பறக்கும். தண்ணீர் ஏறத்தாழச் சுருங்காததால் உடைந்தவுடன் அழுத்தம் விழுந்துவிடும். ஆனால் உள்ளே காற்று சிக்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே ஆயில் போய்வரும் இரண்டு வாய்களில் ஒன்று மேலே இருக்கும்படி கூலரை நிறுத்தி, குமிழிகள் நிற்கும்வரை தண்ணீர் நிரப்பிய பிறகே அதை அடைக்க வேண்டும்.

மற்றொரு வாயில் பிரஷர் கேஜுடன் கூடிய கைப்பம்பை இணைத்து, கூலரைக் கனமான இரும்புப் பெட்டிக்குள் வைக்கவும். மூட்டுகளில் முன்னதாகச் சாக்குக்கட்டியைத் தேய்த்து வைத்தால், கசியும் இடம் ஈரம்பட்டுத் தனியே தெரியும். அழுத்தம் இருக்கும்போது கையால் தடவிப் பார்க்கக் கூடாது; ஊசித்துளை வழியே பீறிடும் நீர் தோலைக் கிழிக்கக்கூடும்.

முதலில் 5 பாருக்கு ஏற்றி இரண்டு நிமிடம் நிறுத்தி, பிறகு 2 பார் வீதம் உயர்த்திச் செல்லவும். ஒவ்வொரு படியிலும் அழுத்தத்தை முழுவதும் இறக்கி, கூலரின் நடுப்பகுதித் தடிமனை வெர்னியர் காலிபரால் அளந்து எழுதி வைப்பது சலிப்பூட்டும் வேலைதான் என்றாலும், சோதனையின் உயிர் இதில்தான் இருக்கிறது. தடிமன் பழைய அளவுக்குத் திரும்பாத படியில் உலோகம் நிரந்தரமாக நெளிந்துவிட்டது என்று பொருள். வெடிப்பு அதற்குப் பின்னரே வரும்.

உடைந்ததும் அந்த இடத்தை உற்றுப் பார்க்கவும். குழாய் உப்பி நடுவில் கிழிந்திருந்தால் உலோகம் தன் எல்லைவரை தாங்கியிருக்கிறது. குழாயும் பக்கத் தொட்டியும் சேரும் பிரேசிங் மூட்டு (வேறொரு உலோகத்தை உருக்கி ஒட்டிய இணைப்பு) சீக்கிரமே பிரிந்திருந்தால் பற்றவைப்பில்தான் குறை. கேஜ் முள் இறங்கினால் கூலரைக் குற்றம் சொல்லும் முன், அடைப்பானின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிகிறதா என்று பார்ப்பது நியாயம்.

குளிர்ந்த தண்ணீரில் கிடைக்கும் எண், 100 டிகிரி செல்சியசைத் தாண்டும் ஆயிலுக்கு அப்படியே பொருந்தாது. சூட்டில் அலுமினியமும் ரப்பரும் வலுவிழக்கும். நெளிவு தொடங்கிய கூலர் வெடிக்காமல் தப்பியிருந்தாலும் மறுபடி வண்டியில் பொருத்தக் கூடாது.