மஞ்சள் திட்டும் ஒரு ஸ்க்ரூடிரைவரும்

செரங்கூன் கார்டன்ஸ் வீட்டு முன்புறப் புல்வெளியில் சில இடங்களில் மட்டும் மஞ்சள். போட்டிருந்தது சிங்கப்பூரில் எங்கும் காணும் அகல இலை கௌ கிராஸ். லேசில் சாகிற வகை இல்லை. மாதச் சந்தாவில் வரும் பராமரிப்பு நிறுவனத்தார் உரம் போட்டார்கள், அப்புறம் பூஞ்சை மருந்து அடித்தார்கள், தண்ணீரைக் கூட்டச் சொன்னார்கள். பில் வந்தது, பச்சை வரவில்லை.

மழை விட்ட ஒரு காலையில்தான் கவனித்தேன்: திட்டின் ஓரங்கள் நேர்க்கோடாக இருந்தன. பூஞ்சை அளவுகோல் வைத்துக்கொண்டா பரவும்? மற்ற இடம் வடிந்த பிறகும் அங்கே மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்த்தேன். பச்சைப் பகுதியில் பிடி வரை இறங்கியது. மஞ்சளில் விரல் ஆழத்திலேயே ‘டக்’.

வேறொரு தோட்டக்காரரை அழைத்தேன். அந்த அண்ணன் விலை சொல்லும் முன்பே மண்வெட்டி கேட்டார். எனக்கு அதுவே பிடித்துவிட்டது. அடியில் பழைய ரெனவேஷன் வேலையின் இறுகிய சிமெண்ட், டைல்ஸ் சில்லுகள். எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, மணல் கலந்த மண் நிரப்பி, புதுப் புல் பதித்தார். வேர் பிடித்துவிட்டது, தண்ணீரும் நிற்பதில்லை. சரி, ஒன்று: கழிவை அப்புறப்படுத்தும் கூலி தனி. முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.