ஒரே அடுப்பில் ஸ்டேக்கும் இறாலும்

மசாலாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸ்டேக்கும் (தடித்த மாட்டிறைச்சித் துண்டு) கடல் உணவும் சேர்ந்த விருந்தில் முதலில் போட வேண்டியது நேரக் கணக்கு. 4 செ.மீ. தடிமனுள்ள ஸ்டேக்குக்கு நெருப்பில் கால் மணி நேரம் பிடிக்கும். இறக்கிய பிறகும் 8 நிமிடம் அதைத் தொடக்கூடாது. பெரிய இறாலுக்கு 4 நிமிடமே அதிகம். இரண்டையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றினால் இறால் ரப்பராகிவிடும், அல்லது ஸ்டேக் நடுவில் பச்சையாக நிற்கும். ஸ்டேக் ஓய்ந்து கிடக்கும் அந்த 8 நிமிடத்தை இறாலுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் சூடாகத் தட்டுக்கு வரும். கீழே உள்ள அளவுகள் நான்கு பேருக்கானவை.

ஸ்டேக் இரண்டு போதும். ஒவ்வொன்றும் 450 கிராம், 4 செ.மீ. தடிமன். மெல்லியதாக நான்கு வாங்குவதைவிடத் தடிமனாக இரண்டு வாங்கி அறுத்துப் பங்கிடுவது நல்லது. 2 செ.மீ. துண்டில் மேற்புறம் சிவக்கும் முன்பே உள்ளே முழுதாக வெந்துவிடும். நடுவே கொழுப்பு இழையோடும் ரிப்ஐ (விலாப்பகுதித் துண்டு) நெருப்பின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். டெண்டர்லாயின் (முதுகெலும்பின் உட்புறச் சதை) மென்மையானது, ஆனால் கொழுப்பு குறைவு. இரண்டு நிமிடம் தவறினாலும் காய்ந்துவிடும். இறால் 500 கிராம், கிலோவுக்கு 30 முதல் 40 நிற்கிற அளவில் வாங்குங்கள். அதைவிடச் சிறியது நிறம் பிடிப்பதற்குள் வெந்து தீர்ந்துவிடும்.

உப்பு விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எடையில் 1 சதவீதம் என்பது நம்பகமான கணக்கு: 450 கிராம் ஸ்டேக்குக்கு நான்கரை கிராம், அதாவது தூள் உப்பில் முக்கால் டீஸ்பூன். உப்புப் போட்ட சில நிமிடங்களில் இறைச்சியின் மேல் ஈரம் துளிர்க்கும். அந்த ஈரத்தோடு அடுப்பில் வைத்தால் தண்ணீர் ஆவியாகி முடியும்வரை மேற்பரப்பின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இறைச்சி நன்றாகச் சிவந்து மணம் பிடிக்கச் சுமார் 140 டிகிரிக்கு மேல் வேண்டும். முக்கால் மணி நேரம் பொறுத்தால் அந்த நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிடும். ஆகவே வைக்கும் நொடியில் போடுங்கள், அல்லது 45 நிமிடத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். முதல் நாள் இரவே உப்பிட்டு, மூடாமல் கம்பித் தட்டில் வைத்து ஃபிரிட்ஜில் விடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. காலையில் தொட்டால் மேல்தோல் காகிதம் போல உலர்ந்திருக்கும். அடுப்பில் வைக்கும் முன் அரை மணி நேரம் வெளியே எடுத்து வைக்கும் வழக்கம் அவசியமில்லை; தடித்த துண்டின் நடுப்பகுதி அதற்குள் சொல்லும்படியாகச் சூடேறாது.

இறாலைத் தோலுரித்து முதுகு நரம்பை எடுங்கள். 500 கிராமுக்கு அரை டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் பிசிறி 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சோடா காரத்தன்மையைக் கூட்டுவதால் சதை கெட்டியாகாமல், கடிக்கும்போது மொறுக்கென்று நிற்கும். எலுமிச்சைச் சாறு இப்போது வேண்டாம். அரை மணி நேரம் புளிப்பில் ஊறிய இறால் நெருப்பைப் பார்க்கும் முன்பே பாதி வெந்தது போல வெளுத்து, பிறகு மாவாகிப்போகும். சாறு பரிமாறும்போது மட்டும்.

இறாலைக் கம்பியில் கோக்கும்போது ஒரு வரிசைக்கு இரண்டு கம்பிகளை இணையாகக் குத்துங்கள். ஒற்றைக் கம்பியில் கோத்தால், திருப்பும்போது கம்பி மட்டும் சுழலும். இறால் இருந்த பக்கமே இருக்கும். தலையும் வாலும் அடுத்ததை நெருக்கித் தொடும்படி அடுக்கினால் வேகும் வேகம் கொஞ்சம் தணியும். மேலே நிறம் பிடிக்க அந்த அவகாசம் உதவும்.

இனி நெருப்பு. 56 செ.மீ. வட்ட அடுப்புக்குச் சுமார் 2 கிலோ கரி வேண்டும். பற்றவைத்து 20 முதல் 25 நிமிடத்தில் நீறு பூத்த நெருப்பாகும். கரியின் மேல் சாம்பல் படிந்து, உள்ளே செந்தணல் தெரிய வேண்டும். கரி கறுப்பாக இருக்கும்போதே சமையலைத் தொடங்கினால் உணவில் புகைக்கசப்பு ஏறும். தணல் முழுவதையும் ஒரு பாதியில் குவியுங்கள், மறுபாதி காலியாக இருக்கட்டும். காஸ் கிரில் என்றால் ஒரு பக்கத்து பர்னரை மட்டும் எரியவிடுங்கள். அடுப்பின் மேலுள்ள கம்பி வலைக்கு 10 செ.மீ. மேலே உள்ளங்கையைக் காட்டினால் மூன்று நொடிக்குள் கையை இழுத்துக்கொள்ளத் தோன்ற வேண்டும். அந்தக் கம்பி வலையைச் சூடான பிறகு தேய்த்துத் துடைத்து, எண்ணெய் நனைத்த துணியை இடுக்கியில் பிடித்துத் தடவுங்கள். ஒன்றை மறக்கக்கூடாது: கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ மூடிய கார் கொட்டகையிலோ வைக்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அதை நம்ப முடியாது.

குறைந்த சூட்டில் முதலில் வேகவைத்து, கடைசியில் சிவக்க வைக்கும் முறை இப்போது பிரபலம். ஸ்டேக் மட்டும் என்றால் நல்ல முறைதான். கடல் உணவும் சேரும்போது கரி அடுப்பில் அது தோதுப்படாது, ஏனென்றால் கரியின் உச்சச் சூடு முதல் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எனவே நேரே தணலுக்கு மேல் தொடங்குங்கள். ஒவ்வொரு நிமிடமும் திருப்பிப் போடுங்கள், 6 முதல் 8 நிமிடம் வரை. ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும் என்பது வெறும் பேச்சு. அடிக்கடி திருப்பினால் இரு பக்கமும் சமமாக வேகும், விளிம்பில் சாம்பல் நிறப் பட்டையும் குறையும். மேற்புறம் சிவந்தால் சாறு உள்ளே பூட்டப்படும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து. அது தவறு என்று எப்போதோ தெரிந்துவிட்டது, சமையலறையில் மட்டும் இன்னும் ஆயுசோடு இருக்கிறது. சிவக்க வைப்பது சுவைக்காக.

கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் ஸ்டேக்கைக் காலிப் பக்கம் நகர்த்தி மூடியைப் போடுங்கள். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும். காஸ் கிரில்லில் எரியும் கொழுப்பின் மேல் தண்ணீர் பட்டால் தீயே தெறிக்கும்.

நன்றாகச் சிவந்ததும் காலிப் பக்கத்துக்கு மாற்றி, மூடி, வெப்பமானியை மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் நடு வரை செலுத்திப் பாருங்கள். 52 டிகிரியில் இறக்கினால் ஓய்வில் மேலும் 3, 4 டிகிரி ஏறி மீடியம் ரேராக (நடுவில் சிவப்பு மாறாத பதம்) நிற்கும். மீடியத்துக்கு (நடுவில் இளஞ்சிவப்பான பதம்) 58. அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத்துண்டு மாட்டிறைச்சிக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவு 63 டிகிரி, பிறகு 3 நிமிட ஓய்வு. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் விருந்தில் இருந்தால் அவர்கள் பங்கை அந்த அளவுக்குக் கொண்டுபோவதே சரி. விரலால் அழுத்திப் பதம் சொல்வதற்கு நூற்றுக்கணக்கான ஸ்டேக் சுட்ட கை வேண்டும். வெப்பமானி இருக்கும்போது அந்த வித்தை எதற்கு?

ஸ்டேக்கை இறக்கியதும் மிளகைப் பொடித்துத் தூவுங்கள் (தணலில் தூவினால் கருகிக் கசக்கும்). தட்டில் தட்டையாக வைக்காமல் கம்பித் தட்டின் மேல் வையுங்கள்; இல்லையென்றால் அடிப்பக்கம் ஆவியில் நனைந்து மொறுமொறுப்பு போய்விடும். இதே நேரத்தில் கம்பியை மறுபடி தேய்த்து எண்ணெய் தடவி, இறாலை ஈரம் போகத் துடைத்து, லேசாக எண்ணெய் பூசித் தணலுக்கு மேல் அடுக்குங்கள். பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கியை இங்கே பயன்படுத்தாதீர்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர் யாராவது இருந்தால், ஸ்டேக் முதலில் முடிந்துவிடுவது இன்னொரு லாபம்; பலகையும் கத்தியும் மட்டும் தனியாக இருக்கட்டும்.

இறாலில் கண் வைக்க வேண்டிய இடம் தடித்த தலைப்பக்கம். சாம்பல் நிறக் கண்ணாடி போல இருந்தது விளிம்பிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். பாதி உயரம் வெளுத்ததும், ஏறத்தாழ 2 நிமிடத்தில், திருப்புங்கள். நடுவில் கடைசிக் கண்ணாடிக் கோடு மறையும் கணத்தில் எடுத்துவிடுங்கள். தளர்வாக வளைந்திருந்தால் பதம்; வாலும் தலையும் முட்டிக்கொண்டு வட்டமாகிவிட்டால் தாமதித்துவிட்டீர்கள்.

இறாலுக்குப் பதில் வேறு ஏதாவது என்றால் நேரம் மாறும். கணவாயைக் கத்தியால் கீறி, கடும் சூட்டில் இரண்டு நிமிடத்துக்குள் எடுங்கள். அதைத் தாண்டினால் இறுகிவிடும், மீண்டும் மிருதுவாக அரை மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வேண்டும். சிங்கி இறால் வாலை நீளவாக்கில் பிளந்து, சதைப்பக்கம் 2 நிமிடமும் ஓட்டுப்பக்கம் 4, 5 நிமிடமும் சுடுங்கள். இரண்டரை செ.மீ. மீன் துண்டுக்கு 8 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஸ்டேக்கைக் காலிப் பக்கம் மாற்றும்போதே மீனைத் தணலுக்கு மேல் தோல் கீழே இருக்க வைத்துவிடுங்கள். கம்பியில் ஒட்டிக்கொண்டால் பிடுங்காதீர்கள். தோல் மொறுமொறுப்பானதும் தானே விடும். அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். சிப்பிகளில் வெந்த பிறகும் வாய் திறக்காதவற்றைத் தூக்கி எறியுங்கள்.

இரண்டுக்கும் ஒரே வெண்ணெய் போதும்: 100 கிராம் வெண்ணெயில் துருவிய பூண்டு இரண்டு பல், எலுமிச்சைத் தோல் துருவல் ஒரு டீஸ்பூன், நறுக்கிய பார்ஸ்லி இரண்டு மேசைக்கரண்டி, கால் டீஸ்பூன் உப்பு. இதை நெருப்பில் இருக்கும்போது தடவாதீர்கள். பூண்டு கருகும், சொட்டும் வெண்ணெய் தீயை எழுப்பும். இறாலை எடுத்த சூட்டிலேயே பாதி வெண்ணெயில் புரட்டுங்கள். ஸ்டேக்கை நார் ஓடும் திசைக்குக் குறுக்காக ஒரு செ.மீ. துண்டுகளாக அறுத்து, பலகையில் கசிந்த சாற்றை மீதி வெண்ணெயில் கலந்து மேலே ஊற்றுங்கள்.