ராபிட்எம்க்யூ கடைசியாக எப்போது ஸ்டார்ட் ஆனது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சொசைட்டி என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் பால் அளந்ததும் லிட்டர் கணக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போக வேண்டும். அதை வரிசையில் வைத்து அனுப்புவது ராபிட்எம்க்யூ என்ற சாஃப்ட்வேர். ராத்திரி கரண்ட் போய் வந்தது. விடிந்ததும் செயலாளர் கேட்கிறார்: "பாதிப் பேருக்கு மெசேஜே வரலையே தம்பி?"

புரோகிராம் கோடைப் பார்ப்பதற்கு முன்னால் சர்வர் எப்போது ஸ்டார்ட் ஆனது என்று பாருங்கள். ட்யூரபிள் க்யூவாக (ரீஸ்டார்ட் ஆனாலும் அழியாத வரிசையாக) இருந்தாலும், பெர்சிஸ்டென்ட் (டிஸ்கில் சேமிக்க வேண்டியது) என்று குறிக்காத மெசேஜ் கிளாசிக் க்யூ என்ற சாதாரண வகை வரிசையில் ரீஸ்டார்ட்டைத் தாண்டாது.

கீழே வரும் கமாண்டுகளை ஆங்கிலச் சின்ன எழுத்தில் டைப் செய்யுங்கள்.

முதல் வழி, பிரௌசர். மேனேஜ்மென்ட் பிளகின் போட்டிருந்தால் சர்வரின் 15672 போர்ட்டைப் பிரௌசரில் திறந்து பாருங்கள். ஓவர்வியூ பக்கத்தில் நோட்ஸ் (Nodes) அட்டவணையில் அப்டைம், அதாவது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது, இருக்கும். முதலிலேயே இருக்கும் கெஸ்ட் யூசர் வழக்கமாக அதே மெஷினிலிருந்து மட்டும்தான் நுழைய முடியும்.

இரண்டாவது, டெர்மினலில் 'சூடோ ராபிட்எம்க்யூசிடிஎல் ஸ்டேட்டஸ்'. அப்டைம் நொடிக் கணக்கில் வரும். 30600 என்றால் எட்டரை மணி நேரம். இப்போது காலை 10 மணி என்றால் ஸ்டார்ட் ஆனது ராத்திரி 1.30.

கணக்குப் போட அலுப்பாக இருந்தால் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ராபிட்எம்க்யூ-சர்வர்'. ஆக்டிவ் என்ற வரியில் தேதியும் நேரமும் நேராகவே வந்துவிடும். எனக்குப் பிடித்தது இதுதான். டாக்கரில் (கன்டெய்னருக்குள்) ஓட்டுபவர்களுக்கு 'டாக்கர் பிஎஸ்' போதும், எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று காட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். இந்த எண்கள் எல்லாம் ராபிட்எம்க்யூவுக்கு அடியில் ஓடும் எர்லாங் (அது எழுதப்பட்ட மொழியின் இயங்குதளம்) எப்போது எழுந்தது என்பதைச் சொல்பவை. யாராவது ராபிட்எம்க்யூசிடிஎல்லில் 'ஸ்டாப்_ஆப்', 'ஸ்டார்ட்_ஆப்' கொடுத்திருந்தால் ராபிட்எம்க்யூ நின்று மறுபடி ஓடியிருக்கும், ஆனால் அப்டைம் பழையபடியே ஏறிக்கொண்டிருக்கும். அப்போது லாக்தான் கதி. லினக்ஸில் வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் ராபிட்எம்க்யூ. அங்கே இருக்கும் லாக் ஃபைலில் 'சர்வர் ஸ்டார்ட்அப் கம்ப்ளீட்' என்ற வரியைத் தேடி, கடைசியாக வந்திருப்பதன் நேரத்தை எடுங்கள். நேரத்தின் வாலில் +00:00 இருந்தால் அது யுடிசி நேரம்; இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், 'அப்டைம் -எஸ்' கொடுத்தால் மெஷினே எப்போது எழுந்தது என்று தெரியும். இரண்டு நேரமும் ஒட்டி வந்தால் கரண்ட் மேல் சந்தேகப்படலாம். மெஷின் நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்க ராபிட்எம்க்யூ மட்டும் புதிதாக எழுந்திருந்தால், லாக்கில் அதற்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். முறையாக நிறுத்தியிருந்தால் நிறுத்தச் சொன்ன தடம் அங்கே இருக்கும்.