பிள்ளையின் கேஸ் ஷீட்டை மருத்துவமனையில் கேட்டு வாங்குவது எப்படி?

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரிதான் மொத்த ரெக்கார்டு என்று பல பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் சுருக்கம். எந்த மருந்து எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது, காய்ச்சல் எப்படி ஏறி இறங்கியது, நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம் எது என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும்.

முதலில் அந்தக் கையெழுத்தைப் பார்ப்போம். ஒப்புதல் படிவத்தில் சிகிச்சையின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தால், நிரப்பச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதலை வைத்து, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, அறுவை சிகிச்சை செய்யக்கூடாது என்று சமிரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நர்ஸ் அவசரப்படுத்துவார், பரவாயில்லை. "இது எதுக்கு, வேற வழி இருக்கா?" என்று டாக்டரிடமே கேளுங்கள்.

அப்புறம் கடிதம். வாய்வார்த்தையாகக் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு இப்படி எழுதினால் போதும்:

"என் மகள் (பெயர், வயது, உள்நோயாளி எண்ணான ஐ.பி. எண்) தங்கள் மருத்துவமனையில் ( ) தேதி முதல் ( ) தேதி வரை உள்நோயாளியாக இருந்தாள். அவளுடைய முழு கேஸ் ஷீட், மருந்து அட்டவணை, நர்ஸ் குறிப்புகள், லேப் முடிவுகள், ஒப்புதல் படிவங்கள் ஆகியவற்றின் நகல் வேண்டும்."

பிறப்புச் சான்றிதழ் நகலையும் உங்கள் ஆதார் நகலையும் இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி, நோயாளியோ அவருடைய அங்கீகரிக்கப்பட்ட உதவியாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எப்போது கேட்டீர்கள் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. ஜெராக்ஸ் செலவு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

அதே விதிகள் உள்நோயாளி ரெக்கார்டை 3 ஆண்டுகள் வைத்திருக்கத்தான் சொல்கின்றன. பிறந்ததும் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்த குழந்தைக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதில் பேச்சு தாமதம் என்று டாக்டரிடம் போனால், "பிறந்தப்போ என்ன ஆச்சு?" என்று கேட்பார். அந்நேரம் பழைய ஃபைல் அங்கே இல்லாமல் போயிருக்கலாம். அதனால் வீடு திரும்பிய கையோடு வாங்கிவிடுங்கள்.

பதின்வயதுப் பிள்ளை என்றால், கேட்பதற்கு முன் அவனிடமோ அவளிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சட்டத்துக்காக இல்லை, அடுத்த முறையும் உங்களிடம் மனசுவிட்டுப் பேசவேண்டுமே!

நகல் வந்ததும் கவுன்டரிலேயே புரட்டி, தேதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தரவே மறுத்தால், தனியார் மருத்துவமனை என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ புகார் செய்யலாம். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான கெடு 30 நாள்.